ஆமைகளின் இயல்பறிந்த விஜயா அம்மையார்

தோற்றுவாய்

செங்கற்பட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையாகிய கடற்கரை, கோவளத்திலிருந்து தெற்கே மாமல்லபுரத்தைக் கடந்து, சதுரங்கப்பட்டினம், கல்பாக்கம் என்னும் ஊர்களின் வழியாகப் பாலாற்றின் முகத்துவாரத்தையும் கடந்து நீண்டு கிடக்கின்றது. அக் கரையிலுள்ள கற்றளிகளைப் பற்றியும், அவற்றை அமைப்பித்த பல்லவ மன்னரைப் பற்றியும் எழுதப்பட்ட கட்டுரைகள் மிகப் பல. ஆயின், ஆண்டுதோறும் அக் கரைக்குத் தவறாது வந்து மீளும் விருந்தினரைப் பற்றி எழுதினார் சிலரே. தை முதற் பங்குனி ஈறாக, இருள் சூழ்ந்த பின்னர் அலையினின்று மெல்ல ஏறி வந்து, மணலைக் குடைந்து, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டு மீண்டும் கடலுட் செல்லும் சிற்றாமைகளே அவ் விருந்தினர். பங்குனியாமை என்னும் பெயரும் அவற்றிற்கு உண்டு.

நம் நாட்டார் ஆமையைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணங்கள் பலதிறப்பட்டவை. வைணவர் திருமாலின் பத்துப் பிறப்புக்களுள் ஒன்றாக ஆமையை வணங்குவர். திருவள்ளுவனார் ஐம்புலன்களையும் அடக்கும் ஆற்றலுக்கு ஆமையை உவமை கூறினார். பொதுமக்களோ, ஆமையும் அமீனாவும் புகுந்த வீடு உருப்படாது என்று அஞ்சுவர். நம் பழைய தமிழ் வேதாகமத்தில், லேவியராகமம் கூறும் தீட்டான உயிர்களின் அட்டவணையிலும் ஆமை இடம் பெற்றுள்ளது. அவ்விடத்து எபிரேயச் சொல் ஒருவகைப் பல்லியினத்தைக் குறிக்கும் என்பது பிற்கால அறிஞர் பலரின் துணிபு. வணங்குவோரும், அஞ்சுவோரும், உவமை கூறுவோரும், விலக்குவோரும் ஆகிய இவர் அனைவரும் ஒன்றில் ஒத்தவராவர். ஆமை என்பது ஒன்றே. ஓர் ஆமைக்கும் மற்றோர் ஆமைக்கும் ஓட்டின் அளவன்றி வேறு வேற்றுமை இல்லை என்பதே இவர் எல்லார்க்கும் பொதுவான கருத்து.

அங்ஙனம் கருதாது, ஆமைகளை இனம் இனமாகப் பிரித்து நோக்கி, ஒவ்வோர் இனத்தின் வாழ்க்கையும் ஒவ்வொரு தனி வரலாறு என்று உணர்ந்து, தம் குறுகிய வாழ்நாளை அவ் வரலாறுகளை அறிவதிலேயே செலவிட்டவர் விஜயா அம்மையார். ஊர்வன பற்றிய இயலை மேற்கொண்ட இந்தியப் பெண்மக்களுள் முதல்வர் என்று அவரை அறிஞர் போற்றுவர். அவர் 1959ஆம் ஆண்டிற் பிறந்து 1987ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் பணிபுரிந்த இடம் நம் மாவட்டக் கடற்கரையிலேயே உள்ளது. அவர் தேடிக் கண்ட அரிய உயிரை முதன்முதல் உலகிற்கு அறிவித்தவர் ஒரு மிஷன் கல்லூரியின் ஆசிரியராயிருந்தவர். இவ் விரண்டு காரணங்களாலும் அவர் வரலாறு நம் போன்ற மாணவர் அறியத்தக்கது என்று கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூறத் துணிந்தோம்.

இளமைக் காலம்

சென்னைக் கிண்டியில் உள்ள பாம்புப் பண்ணையை அறியாதார் இலர். ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் தொடங்கிய அப் பண்ணை, 1970களில் இளைஞர் பலர்க்கு ஒரு கல்விக்கழகமாகவே விளங்கியது. அங்குப் பணிபுரிந்தோரும் அவர்தம் நண்பரும் சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் நடந்து, சிற்றாமைகள் இட்ட முட்டைகளை நாயும் நரியும் மனிதரும் கவராத வண்ணம் எடுத்துப் பாதுகாக்கும் வழக்கத்தை அக் காலத்திலேயே தொடங்கியிருந்தனர்.

எத்திராஜ் மகளிர் கல்லூரியில் மாணவியாயிருந்த விஜயா, 1978ஆம் ஆண்டளவில் அப் பண்ணையில் ஊதியம் கருதாது பணிசெய்யச் சேர்ந்தார். பாம்பையும் முதலையையும் ஆமையையும் கையாளும் தொழில் பெண்டிர்க்குரியதன்று என்று எண்ணிய காலம் அது. கல்லூரியிற் படித்த பெண்ணொருத்தி அத் தொழிலையே தன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்வாள் என்று எவரும் எதிர்பார்த்திரார். ஆயினும் அவர் அதனைப் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை. அதுவே தம் வாழ்வின் நெறியெனத் தெளிந்தார். உடன் பணிபுரிந்தோர் அவரை விஜி என்று அன்புடன் அழைத்தனர்.

1976ஆம் ஆண்டில் விட்டேக்கரும் அவர்தம் துணைவரும் மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினர். அருகி வந்த முதலையினங்களை வளர்த்துப் பெருக்குதல் அதன் முதல் நோக்கம். முதலைகளோடு ஆமைகளும் அங்கு இடம் பெற்றன. ஒருபுறம் கடலும் மறுபுறம் உவர்நீர்ப் பரப்பும் சூழ்ந்த அம் மணல்வெளியே விஜயா அம்மையாரின் பணிக்களமாயிற்று. பிற அறிஞர் பலர் நச்சுப் பாம்புகளையும் பெருமுதலைகளையும் நாடி நின்றபோது, எவராலும் பெரிதும் எண்ணப்படாத ஆமைகளை அவர் தமக்குரியனவாகத் தேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டுக் கிழக்கு இல்லினாய்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வர்டு மோல் என்பார் இந்திய ஆமைகளை ஆராய இங்கு வந்தபொழுது, அவர்க்கு உற்ற துணையாக அமைந்தவரும் இவரே.

ஆமைகளின் குணவேறுபாடு

ஆமைகளை நாள்தோறும் பேணுவோர் அறியும் உண்மை ஒன்றுண்டு. அவற்றின் ஓடுகள் ஒன்றுபோல் இருப்பினும் இயல்புகள் ஒன்றுபோல் இருப்பன அல்ல. முதலாவது, இனத்துக்கு இனம் இயல்பு வேறுபடும். நம் குளங்களிலும் கழனிகளிலும் வாழும் பாலாமை, மெல்லிய ஓடுடையது. கோடையில் நீர் வற்றினால் சேற்றினுட் புதைந்து மழைவரும் வரை காத்திருப்பது. காராமை, நீர்க்கரையிலும் மரக்கட்டையிலும் ஏறி வெயில் காய்வது. கட்டாமை எனப்படும் நட்சத்திர ஆமை, நீரை நாடாது புதர்க்காட்டில் திரிந்து புல் மேய்வது. மழைக்காலத்து அதன் ஆண்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளி, தோற்றதைப் புரட்டிவிடவும் முயல்வன.

இரண்டாவது, ஓர் இனத்துள்ளேயே ஒன்றற்கொன்று இயல்பு வேறுபடும். ஆளைக் கண்டவுடன் தலையை உள்ளிழுத்து நெடுநேரம் அசையாது கிடப்பதும் உண்டு. சிறிது பொறுத்துத் தலைநீட்டி உணவிருக்கும் இடத்துக்கு முதலில் விரைவதும் உண்டு. இதனைப் பேணுவோரின் கற்பனை என்று முன்னர் அறிஞர் ஒதுக்கினர். இன்று அவ்வாறு ஒதுக்குதல் இயலாது. வட அமெரிக்கக் காடுகளில் வாழும் பெட்டியாமை என்னும் இனத்தை ஆராய்ந்து 2018ஆம் ஆண்டில் வெளியிட்டோர், துணிவுடைய ஆமை பின்னும் துணிவுடையதாகவே இருப்பதையும், அஞ்சும் ஆமை அஞ்சுவதாகவே இருப்பதையும் கண்டனர். துணிவுடையன வெளிப்பட்டு வெயில் காய்தலின் உடல் வெம்மை மிகப் பெற்றன. ஆயின் பகைவிலங்கின் பல்லுக்கு இலக்காகும் இடர் அவற்றிற்கே மிகுதி என்று கருதப்படுகின்றது. அச்சத்துக்கும் ஒரு பயன் உண்டு, துணிவுக்கும் ஒரு விலை உண்டு என்பதனை இதனால் அறிகின்றோம்.

ஆமைகள் கூடிவாழும் அறிவற்றவை என்பது மற்றொரு பழங்கருத்து. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இக் கருத்தையும் அசைத்தது. தென் அமெரிக்கச் செங்காலாமைகளுட் சிலவற்றிற்கு, வேலிக்கு அப்பால் உணவை வைத்து, சுற்றிச் செல்லும் வழியைத் தாமே காண விட்டனர், அவை காணவில்லை. பழக்கப்பட்ட ஆமையொன்று சுற்றிச் சென்று உணவுண்பதைப் பார்த்த ஆமைகளோ, தாமும் அவ்வாறே சென்று உணவை அடைந்தன. தனித்து வாழும் உயிரும் தன் இனத்தைப் பார்த்துக் கற்கும் என்பது இதனால் நிறுவப்பட்டது.

இத்தகைய நுண்ணிய நோக்கிற்கு முன்னோடியாக விளங்கியவர் இங்கிலாந்து நாட்டுச் செல்போர்ன் சிற்றூரில் வாழ்ந்த குருவானவர் கில்பர்ட் வைட் ஆவர். அவருடைய அத்தையார் நெடுநாள் வளர்த்த ஆமையொன்றை, அவ் வம்மையார் இறந்த 1780ஆம் ஆண்டில் தம் தோட்டத்துக்குக் கொணர்ந்து, அது மழைக்கு அஞ்சி ஒதுங்குவதையும், குளிர்காலத்து மண்ணுட் புகுவதையும், தனக்கு உணவளித்த மூதாட்டியை இனங்கண்டு அவரை நோக்கி நகர்ந்து சென்றதையும் குறித்து வைத்தார். அதற்குத் தீமோத்தி என்னும் ஆண்பெயர் வழங்கியது. இறந்த பின்னரே அது பெண்ணென்று அறியப்பட்டது. பல ஆண்டு உடனிருந்து நோக்கிய ஒருவர்க்கும் ஓர் உயிரின் இயல்பு முழுதும் விளங்கிவிடுவதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

விஜயா அம்மையாரும் இந் நெறியிலேயே நின்றார். பாம்புப் பண்ணையினர் தொடங்கி நடத்திய ஹமத்ரையாட் என்னும் ஆராய்ச்சி இதழில் அவர் எழுதியவை பெரும்பாலும் சிறு குறிப்புக்களே. அவற்றுள் 1983ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்று எம்மை மிகவும் ஈர்க்கின்றது. பாலாமையின் முட்டைகளுள் வளர்ச்சி முற்றிய குஞ்சுகள் வெளிப்படுவதற்கு ஒலியும் ஒரு தூண்டுதலாகுமோ என்னும் வினாவை அதில் அவர் எழுப்பினார். ஆமைக்குச் செவிப்புலன் உண்டா என்றே பலர் ஐயுற்ற காலத்தில், முட்டையினுள் இருக்கும் குஞ்சும் புறத்து ஒலியை உணருமோ என்று கேட்பதற்கு மிகுந்த பொறுமையும் துணிவும் வேண்டும்.

கொலைக்களங்களில்

ஆமைகளை அறியப் புகுந்தவர் அவை அழிவதையும் கண்டே தீர வேண்டும். வங்காள, ஒரிசாக் கரைகளில் சிற்றாமைகள் பெருங்கூட்டமாகப் பிடிக்கப்பட்டு, கல்கத்தாவின் சந்தைகளுக்கு ஏற்றப்பட்டு வந்தன. சட்டம் அதனை விலக்கியிருந்தும், வணிகம் ஓய்ந்திலது. விஜயா அம்மையார் அவ் விடங்களுக்கு நேரிற் சென்றார். கவிழ்த்துப் போடப்பட்டு, துடுப்புக் கால்கள் துளைத்துக் கட்டப்பட்டு, உயிரோடு குவிக்கப்பட்ட ஆமைகளைக் கண்டார். கண்டதைக் கண்டவாறே நிழற்படமாக எடுத்தும் எழுதியும் வெளிப்படுத்தினார். அச் செய்தி இந்தியா டுடே இதழின் வாயிலாக நாடெங்கும் பரவியது. 1982ஆம் ஆண்டில் கடலாமைச் செய்தி மடலிலும் இந்தியாவின் ஆமைக்கொலையைப் பற்றி அவர் எழுதினார். அந்நாட் பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் இதனை அறிந்து, கடலோரக் காவற்படையினர் ஆமைகளைக் காக்க வேண்டுமென்று ஆணை பிறப்பித்தார்.

இருபத்து மூன்று ஆண்டும் நிரம்பாத பருவத்து ஒரு பெண், தனியே சென்று கண்டு எழுதியது, நாட்டின் தலைமையிடம் வரை சென்று எட்டிற்று. பெரும் பதவியும் செல்வமும் இன்றியும், உண்மையை நேரிற் கண்டு தெளிவுறக் கூறுவோர் சொல்லுக்கு வலிமை உண்டு என்பதனை மாணவராகிய நாம் இதனிடத்துக் கற்கின்றோம்.

சூரலாமையைத் தேடிய வரலாறு

இனி, அவர்தம் பெயரை உலகில் நிலைநிறுத்திய செயலைக் கூறுவாம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் உயிரியற் பேராசிரியராயிருந்து, பின்னர்ச் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்தின் தலைவராகிய ஜான் ராபர்ட்சன் ஹெண்டர்சன் என்பார், 1912ஆம் ஆண்டில் கொச்சிச் சமஸ்தானத்துச் சாலக்குடிப் பக்கத்துக் காட்டிற் கிடைத்த ஒரு சிறு நில ஆமையை, உலகம் அதுவரை அறியாத புதிய இனம் என்று அறிவித்தார். அது நீரைப் பெரிதும் நாடாது, மழைக்காட்டின் உதிர்ந்த இலைக் குவியலுள் மறைந்து வாழ்வது. ஒரு சாணுக்கும் குறைந்த நீளமுடையது. முகத்தில் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம் பூண்டது. அக் காட்டு மக்கள் அதனைச் சூரலாமை என்றனர். சூரல் என்பது பிரம்பு. பழந்தமிழ் நூல்களிலும் பயின்ற சொல்.

ஹெண்டர்சன் எழுதிய பின்னர், ஏறத்தாழ எழுபதாண்டுக் காலம் எந்த அறிஞர் கண்ணிலும் அவ் வாமை படவில்லை. அஃது அழிந்துவிட்டதோ என்று ஐயுற்றோரும் இருந்தனர். 1982ஆம் ஆண்டில் விஜயா அம்மையார் அதனைத் தேடிக் கேரளக் காடுகளுட் புகுந்தார். காடர் என்னும் பழங்குடியினரே அவர்க்கு வழிகாட்டிகள். அறிஞர் எழுபதாண்டு காணாத ஆமையை அம் மக்கள் என்றும் அறிந்தே இருந்தனர். அவர் வழிகாட்ட, அவ் வாமை மீண்டும் அறிவுலகின் கண்ணுக்குப் புலனாயிற்று.

கண்டதோடு அவர் மீண்டாரல்லர். பாறைக் குகையொன்றைத் தங்குமிடமாகக் கொண்டு, காடரின் துணையோடு அக் காட்டில் தங்கி, அவ் வாமையின் வாழ்க்கையை ஆராய்ந்தார். அட்டைகளும் அடைமழையும் மிக்க அக் காட்டில், உதிர்ந்த இலையின் நிறத்தையே தன் ஓட்டின் நிறமாகக் கொண்ட ஓர் உயிரைத் தேடுதல் எளிதன்று. அஃது ஓடுவதில்லை, கூவுவதில்லை. அருகிற் கால்வைத்தாலும் அசையாது கிடப்பது. நத்தையும் பூச்சியும், உதிர்ந்த கனியும் அதற்கு உணவு. விஜயா அம்மையாரும், மோல், குரூம்பிரிட்ஜ் என்னும் அறிஞர் இருவரும் கூடி, அதன் உடலமைப்பையும் வாழ்வியலையும் விரித்து எழுதிய கட்டுரை 1986ஆம் ஆண்டிற் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தது.

சங்கப் புலவரும் ஆமைகளும்

தமிழ் பயிலும் மாணவராதலின், ஈண்டு ஒன்று கூற விரும்புகின்றோம். ஆமையின் தாய்மையைப் பற்றிச் சங்கச் சான்றோர் கூறியவை இன்றைய ஆராய்ச்சியோடு வைத்து எண்ணத்தக்கவை. குமுழி ஞாழலார் நப்பசலையார் பாடிய அகநானூற்றுப் பாட்டொன்றில், பெண்ணாமை மணலிற் புதைத்த முட்டைகளை, குஞ்சு வெளிப்படுங்காறும் ஆணாமை காத்து நிற்பதாகக் கூறப்படுகின்றது. கடலாமைகளைப் பொறுத்தவரை இஃது உண்மையன்று. ஆண் கரையேறுவதே அரிது. முட்டையிட்ட பெண்ணும் திரும்பிப் பாராது கடலுட் செல்லும். ஏறத்தாழ ஐம்பது நாள் மணலின் வெம்மையே அம் முட்டைகளை அடைகாக்கும். வெம்மை மிகுந்தாற் பெண்ணும், குறைந்தால் ஆணும் மிகுதியாகப் பிறக்கும்.

ஐங்குறுநூற்றிலும் குறுந்தொகையிலும், ஆமைக் குஞ்சு தாயின் முகத்தைப் பார்த்தே வளர்வது என்னும் நம்பிக்கை உவமையாக ஆளப்பட்டுள்ளது. இதனையும் வெறுங்கற்பனை என்றே கற்றோர் பலர் கொண்டனர். ஆயின் 2013ஆம் ஆண்டளவில், தென் அமெரிக்காவின் அமேசான் ஆற்றில் வாழும் பேராமையினம் ஒன்றை ஆராய்ந்தோர் வியக்கத்தக்க செய்தியொன்றை வெளியிட்டனர். முட்டையிட்ட பெண்கள் ஆற்றில் அண்மையிலேயே தங்கி, நீருள் மெல்லிய ஒலிகளை எழுப்புகின்றன. குஞ்சுகளும் முட்டையினின்று வெளிப்படுமுன்னரே ஒலி எழுப்பத் தொடங்கி, பின்னர் ஆற்றுட் புகுந்து பெண்களோடு கூடிச் செல்கின்றன. இதனாற் சங்கப் புலவர் கூறியது முற்றும் மெய்யென்று நிறுவப்பட்டதாக யாம் கூறோம். நம் பொய்கைகளின் ஆமைகளைப் பற்றி அத்தகைய சான்று இதுவன்று. எனினும், ஆமைக்கும் உறவு உண்டு என்று எண்ணிய அப் புலவர் நகைத்தற்குரியவர் அல்லர் என்பது தெளிவு. முட்டையினுட் கிடக்கும் குஞ்சுக்கு ஒலி எட்டுமோ என்று 1983ஆம் ஆண்டில் வினவிய விஜயா அம்மையார், அப் புலவர்க்கும் இற்றை ஆராய்ச்சியாளர்க்கும் இடையே நிற்பவராக எமக்குத் தோன்றுகின்றார்.

மறைவும் பெயர்ப்பேறும்

1987ஆம் ஆண்டில், முப்பது வயதும் நிரம்பாத பருவத்திலே அவர் உயிர் நீத்தார். நெடுநாள் வாழ்ந்திருப்பின் இந்திய ஆமைகளைப் பற்றிய பெருநூல் ஒன்று அவர் கையால் எழுந்திருக்கும் என்று எண்ணாதிருத்தல் இயலாது. அவர் எழுதியவை சில பக்கங்களே. எழுத எண்ணியவை எத்தனையோ. சிறு குறிப்புக்களையும் அரைகுறைக் கணக்குக்களையும் விட்டு இளமையில் மறைவோர்க்கு உலகம் பெரும்பாலும் நினைவுக்கல் நாட்டுவதில்லை.

அவர்க்கோ அத்தகைய நினைவுக்கல் பத்தொன்பது ஆண்டு கழித்து நாட்டப்பட்டது. சூரலாமையை ஹெண்டர்சன் ஒரு பேரினத்துள் வைத்தார். பின்வந்தோர் மற்றொன்றில் வைத்தனர். 2006ஆம் ஆண்டில் ஐரோப்பிய அறிஞர் சிலர் அதன் மரபணுவை ஆராய்ந்து, அஃது அவ் விரண்டனுள்ளும் அடங்காத தனிப் பேரினம் என்று கண்டனர். புதிய பேரினத்துக்குப் புதிய பெயர் வேண்டும். ஆமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அம்மையாரின் பெயரை இணைத்து விஜயாகெலிஸ் என்று பெயரிட்டனர். காட்டுக்குரியது என்னும் பொருள்பட ஹெண்டர்சன் இட்ட சில்வாட்டிகா என்னும் இலத்தீன் பெயரும் அதன்பின் நிற்கின்றது. எனவே, கிறிஸ்தவக் கல்லூரியின் பேராசிரியர் ஒருவர் இட்ட பெயரும், சென்னைக் கல்லூரி மாணவி ஒருவரின் பெயரும் ஒரு சிற்றுயிரில் ஒன்றாய் இணைந்து நிற்கின்றன. ஆதியாகமத்தில் ஆதாம் விலங்குகட்குப் பெயரிட்டான் என்று படித்திருக்கின்றோம். ஈண்டோ, விலங்கைத் தேடிச் சென்றவர் பெயரையே விலங்கு ஏற்றுக்கொண்டது.

அதே 2006ஆம் ஆண்டில், கல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலையில் அத்வைதா என்னும் மிக முதிய பேராமை இறந்தது. அது ராபர்ட் கிளைவின் வளர்ப்பாமையாயிருந்தது என்று கூறுவர். 1752ஆம் ஆண்டிற் கோவளத்தையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய கிளைவை நம் மாவட்டத்தார் அறிவர். தன் தாய்நிலமாகிய அல்டாப்ரத் தீவினின்று நெடுந்தொலைவு கொண்டுவரப்பட்டு, ஒரு தலைவனின் உடைமையாக அறியப்பட்டது அவ் வாமை. சூரலாமையோ எவர்க்கும் உடைமையாகாது தன் காட்டிலேயே உள்ளது; அதனைத் தேடிச் சென்றவரே அதற்கு உரியவராயினார்.

நாம் கொள்ளத்தக்கது

இக்காலத்து ஆமைகளை வீட்டில் வளர்க்கும் விருப்பம் இளைஞரிடையே மிகுந்துள்ளது. அவ் விருப்பத்தை யாம் இகழவில்லை. ஓர் உயிரின் தனி இயல்பை அறிவதில் உண்டாகும் மகிழ்ச்சி தூயதே. ஆயின் கட்டாமையையும் பாலாமையையும் பிடித்து வீட்டில் வைத்தல் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தாற் குற்றமாகும். கட்டாமைகள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வெளிநாடுகட்குக் கடத்தப்படுவதால், 2019ஆம் ஆண்டில் உலக நாடுகள் கூடி அவ் வாமையின் வாணிகத்தை முற்றும் விலக்கின. அயல்நாட்டுச் செங்காதாமைகளைக் கடையில் வாங்குவோரும், அவை பெரியனவாக வளர்ந்தபின் அருகிலுள்ள குளத்தில் விட்டுவிடுகின்றனர். அவை நம் குளத்து ஆமைகளின் உணவையும் இடத்தையும் கவர்ந்துகொள்கின்றன. அன்பினாலே வாங்கி, அயர்ச்சியினாலே கைவிடும் இச் செயலால் இருவகை ஆமைகளும் துன்புறுகின்றன.

விஜயா அம்மையாரும் பண்ணையில் அடைபட்ட ஆமைகளோடு பழகியவரே அன்றோ என்று வினவலாம். வினா தக்கதே. அடைத்துவைத்தல் எதன்பொருட்டு என்பதே ஈண்டு நோக்கத்தக்கது. அவர் ஆமைகளைத் தமக்கு மகிழ்ச்சி தருவனவாகக் கொள்ளவில்லை; அவற்றின் இயல்பை அறிந்து, அவ் வறிவைக் காட்டிலும் கடலிலும் உள்ள அவற்றின் இனத்தைக் காப்பதற்குப் பயன்படுத்தினார். பண்ணையிற் கற்ற பொறுமை குகையில் வாழும் ஆற்றலைத் தந்தது. அறிவதற்கு அடைத்துவைத்தலே வழி என்று அவர் எண்ணியிருந்தாற் காட்டுக்குச் சென்றிரார்.

அவர் மறைந்த மறுவருடமாகிய 1988இல், சென்னை மாணவர் சிலர் கூடிக் கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பை நிறுவி, கடற்கரை இரவு நடையைத் தம் கடமையாக மேற்கொண்டனர். கோவளம் முதற் கல்பாக்கம் வரையுள்ள கரையிலும் மீனவர் பலர் முட்டைகளைக் காத்துக் குஞ்சுகளைக் கடலில் விடும் பணியில் ஈடுபட்டு வருகின்றனர். எனினும் இடர் நீங்கியபாடில்லை. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னை, செங்கற்பட்டுக் கரைகளில் நூற்றுக்கணக்கான சிற்றாமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழ்வதாயினும் மூச்சுவிட மேலே வர வேண்டும். இழுவலையிற் சிக்கினால் மூச்சு முட்டி இறக்கும். வலையினின்று ஆமை மட்டும் தப்பிச் செல்ல வழியமைக்கும் கருவிகள் உள. அவற்றைப் பயன்படுத்துவதும், முட்டையிடும் பருவத்திற் கரையருகே இழுவலை இடாதிருத்தலும் மனிதர் கையில் உள்ளவை. மீனவரின் வயிற்றுப் பிழைப்பையும் எண்ணி, அவரோடு கூடிச் செய்ய வேண்டிய பணி இது.

அடைக்கலான் குருவிகளைக் குறித்து ஆண்டவர் கூறியதனை ஞாயிறு பள்ளியிலே கற்றவர் நம்முட் பலர். விலை குறைந்த சிற்றுயிரும் தனித்தனியே எண்ணப்படுகின்றது என்பதே அதன் கருத்து. விஜயா அம்மையார் எச் சமயத்தவராயினும் ஆகுக. அவ் வெண்ணத்தைச் செயலில் வாழ்ந்து காட்டியவர் என்பதில் ஐயமில்லை. தை பிறந்ததும், கல்லூரி விடுமுறை நாளொன்றில், கடலாமைப் பணியாளரோடு கூடிக் கல்பாக்கத்துக் கரையிலோ சென்னைக் கரையிலோ ஓர் இரவேனும் நடந்து பார்க்குமாறு மாணவ நண்பர்களை வேண்டுகின்றோம். விளக்கின்றி, ஓசையின்றி நடத்தல் வேண்டும் என்பது மட்டும் அங்குள்ள விதி.